தைராய்டு அக்கா

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணப்பெண்ணின் ஆரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஆரத்துக்கு மேலே இருந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேசா வீங்கின மாதிரி இல்ல?" என்று என் காதைக் கடித்தார். முதல் பந்தி எழுவதற்குள் மாப்பிள்ளை வீட்டில் மூன்று பேருக்கும் சமையல்காரருக்கும் தைராய்டு உறுதியாகிவிட்டது.

எல்லாத் தெருவிலும் ஒரு தைராய்டு அக்கா உண்டு. முடி கொட்டினால் தைராய்டு. குண்டானால் தைராய்டு. இளைத்தால், "அது வேற தைராய்டு." எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் பாதி சரி. சோர்வும் முடி உதிர்வும் தைராய்டு குறைந்தாலும் வரும். ரத்தசோகையிலும் வரும், தூக்கம் கெட்டாலும் வரும். அந்த மீதிப் பாதிக்கு அக்காவிடம் இடமில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்குக் கீழ ஏன் தம்பி உப்பியிருக்கு?"

"ராத்திரி ரயில்ல வந்தேன்க்கா. கடைசி வரைக்கும் சீட்டே கிடைக்கல."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க."

கைப்பையிலிருந்து அவருடைய தைராய்டு மாத்திரை டப்பா வந்தது. மூடியில் நாலைந்தைக் கொட்டி, காகிதத்தில் மடித்து, என் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பக்கத்தில் செருகினார். "ஐம்பதுதான். வெறும் வயித்துல போடணும். அரை மணி நேரம் காபி கூடாது." விதிமுறை கச்சிதம், ஆள்தான் தப்பு.

மாத்திரையைத் தொடாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். 2.1. பெரும்பாலான லேப்களில் ஏறக்குறைய 0.4க்கும் 4க்கும் நடுவில் இருந்தால் வம்பில்லை. போனில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"நார்மல்னு வந்தாதான் பயப்படணும் தம்பி. சில பேருக்கு ரத்தத்துல காட்டாது. காலைல எழுந்ததும் தெர்மாமீட்டர் வச்சுப் பாரு."

அக்காவுக்கு அமெரிக்காவில் ஒரு முன்னோடி இருந்தது அவருக்கே தெரியாது. 1990இல் புளோரிடாவில் டெனிஸ் வில்சன் என்ற மருத்துவர் தன் பெயரையே வைத்து ஒரு நோயைக் கண்டுபிடித்தார். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும், உடம்புச் சூடு குறைந்திருக்கும், மருந்து டி3 என்ற தைராய்டு ஹார்மோன். ஆதாரமில்லை என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் தள்ளிவிட்டது. 1992இல் அவருடைய மருத்துவ உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். தேவைப்படாத உடம்பில் இந்த ஹார்மோன் கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். படபடப்பு வந்தால் அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்: "பாத்தியா, மருந்து வேலை செய்யுது."

"நீங்க கடைசியா எப்பக்கா டெஸ்ட் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும்."

மகள் கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை எடுத்தாராம். அந்த மகளின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா இன்னும் அதே ஐம்பதுதான் போடுகிறார்.