எல்லாரும் ஒரே ஃபேமிலி

நேற்றும் என் நாற்காலியைக் காணோம். கேட்டால், "நம்ம ஆபீஸ்தானே சார், எங்கே வேணாலும் உக்காருங்க" என்கிறார்கள். எங்கேயாவது ஒன்று இருந்தால் உட்கார மாட்டேனா?

தி.நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடை மாடியில் கம்பெனி. இன்டர்வியூவில் சம்பளத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் குடும்பப் பாசத்தைப் பற்றி முக்கால் மணி நேரமும் பேசினார்கள். "இங்கே முதலாளி, ஸ்டாஃப்ங்கிற பேச்சே கிடையாது. எல்லாரும் ஒரே ஃபேமிலி." உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.  நாற்காலி விவகாரத்துக்கு வருகிறேன்.

சேர்ந்ததும் கொடுத்தது, பிரசவ லீவில் போன அக்கவுண்ட்ஸ் மேடத்தின் நாற்காலி. முதுகில் அவருடைய ஏசி ஸ்வெட்டர். "அதை மட்டும் எடுத்துடாதீங்க, கோவிச்சுப்பாங்க." ஸ்வெட்டர் சாய்ந்துகொள்ள, நான் நுனியில் உட்கார்ந்தேன். அடுத்தது இடது கைப்பிடி இல்லாதது. கொஞ்சம் அசந்தால் பக்கத்து சீட்டுத் தம்பியின் தோளில் போய்ச் சாய்வேன். அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான், ஃபேமிலி அல்லவா. பிறகு வாசலில் கிடந்த பிளாஸ்டிக் சேர். கூரியர் பையன் வந்தால் எழுந்துவிட வேண்டும், அவன் விருந்தாளி. பிறகு ஸ்டூல். தண்ணீர் கேன் தீர்ந்தால் அதன்மேல் ஏறித்தான் புதுக் கேனைக் கவிழ்ப்பார்கள்; இந்த ஆபீசில் தண்ணீர் குடிக்கிற மாதிரி நான் எங்கேயும் பார்த்ததில்லை. கடைசியாக ஏ4 பேப்பர் வந்த அட்டைப்பெட்டி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாசக் கடைசி, இன்வாய்ஸ் அடிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டாக உருவ உருவ நான் அமிழ்ந்துகொண்டே வந்தேன். மாலையில் மேஜைக்கு மேலே என் கண்ணாடி மட்டும் தெரிந்ததாம்.

ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றே புடவை விரித்தவர்களுக்காக, 1947-ஆம் வருஷத்து கடைகள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஊழியருக்கு உட்கார இடம் தரவேண்டும் என்கிறது. அதை மொபைலில் எடுத்து எம்.டி.யிடம் காட்டினேன். தலைக்குக்கூட மெத்தை வைத்த சுழல் நாற்காலியில் அரை வட்டம் திரும்பி, "சட்டமெல்லாம் வெளியாளுக்கு சார்" என்றார்.

வெளியாள் என்றதும் ஞாபகம் வருகிறது. என்னையும் சேர்த்து நாங்கள் 19 பேர். 20 பேர் ஆனால் பி.எஃப். கட்டவேண்டும், 1952-லேயே சட்டம் வந்துவிட்டது. இருபதாவதாக யார் வந்தாலும் 'கன்சல்டன்ட்' என்று பெயர் சூட்டி ஓரமாக வைக்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாட்டில் இத்தனை கண்டிப்பு கவர்ன்மென்ட்டுக்கே கிடையாது.

இப்போதெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போய்விடுகிறேன். 2019-ல் அகலப்படுத்திய நடைபாதையில் உட்கார இடம் போட்டிருக்கிறார்கள். முதுகுக்கு வெயில், பக்கத்தில் சோளக்கதிர். எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை.

இன்றைக்கு அங்கேயும் போன் வந்தது. "எங்கே சார் போயிட்டீங்க? ஃபேமிலியில ஒரு பர்த்டே. கேக் வெட்டணும், தலைக்கு 200 ரூபா."

போய்க் கொடுத்துவிட்டு, யாருக்கு என்று விசாரித்தேன். எம்.டி.யின் மச்சான் பையனுக்கு. பையன் பெங்களூரில் இருக்கிறானாம்.