கரண்டி புடிக்கிறவனுக்குக் கயிறு எதுக்கு?

உக்காரு மருமவனே. அண்டார்டிகாவுக்குச் சமையல்காரனாப் போறியாமே, சேலையூர் பூரா உங்கம்மா சொல்லி முடிச்சாச்சு. நம்ம பக்கம் ஒரு ஆளை ஐஸ் பெட்டியில வெச்சா சங்கு ஊதுவாங்க. உன்னை வெக்கிறதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்க. கொடுத்து வெச்சவன்டா நீ.

ஆனா இன்னொண்ணும் காதுல விழுந்துது. போறதுக்கு முன்னாடி அவுலி மலையில நடக்குற பயிற்சிக்கு மட்டம் போட வழி தேடுறியாமே? "கல்யாணப் பந்திக்கே பிரியாணி போடுறவன், எனக்கு எதுக்கு கிளாஸு"ன்னு கேட்டியாம். ஞாயமான கேள்விதான். பள்ளிக்கூடத்துலயே கடைசி பெஞ்சுல தூங்கினவன் உத்தராகண்டு வரைக்கும் போயா தூங்கணும்? தாம்பரம் - பீச் வண்டி போதாதா?

நீ வெச்சுட்டுப் போன காயிதத்தை உன் தங்கச்சியை வுட்டுப் படிக்கச் சொன்னேன். மீதியை அவ செல்லுல தேடிச் சொன்னா. உன்னை அனுப்புறது கோவாவுல இருக்குற துருவ ஆராய்ச்சி மையமாம். நம்ம பள்ளிக்கரணையில வேளச்சேரி ரோட்டு மேல கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்குது பாரு, ரெண்டுக்கும் ஒரே அமைச்சகந்தான். மொதல்ல டெல்லி எய்ம்ஸ்ல உடம்பைப் பாப்பாங்க, மனசையும் பாப்பாங்க. உனக்குப் பொண்ணு குடுத்தவங்க ரெண்டாவதைப் பாக்காம வுட்டது உன் அதிர்ஷ்டம். அப்பாலதான் அவுலி. இந்தோ-திபெத் எல்லைப் போலீசு பனியில நடக்க, கயிறு கட்டி ஏற, வெடிப்புல விழுந்தவனை மேல தூக்கக் கத்துக்குடுப்பாங்க.

"நான் அடுப்பங்கரையை வுட்டு வெளியவே வரமாட்டேன் மாமா"ம்பே. சரி, வராதே. ஆனா கேப்டவுன்ல இருந்து ரஷ்யாக்காரன் செஞ்ச பெரிய விமானத்துல கொண்டுபோய் பனி ஓடுபாதையிலதான் இறக்குவான். அங்கிருந்து நம்ம மைத்ரி நிலையத்துக்கு யாரு, உங்கப்பனா ஆட்டோ புடிச்சுக் குடுப்பான்? பனி மூடின வெடிப்பு மேல பார்த்தா தரையாட்டந்தான் தெரியுமாம். மழைக்காலத்துல முடிச்சூர் ரோட்டுல தண்ணிக்கு அடியில எவனோ தோண்டிப்போட்ட பள்ளம் இருக்குமே, அது மாதிரி. அதுல வுழுந்தாலாவது டீக்கடைக்காரன் கையக் குடுப்பான்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. குளிரை விட அங்க ஜாஸ்தி பயப்படுறது நெருப்புக்கு. காத்து காஞ்ச காத்து, வேகமும் ஜாஸ்தி. கட்டடம் எரிஞ்சா ஒதுங்க பக்கத்து வூடு கிடையாது. மைத்ரிக்கும் நம்மளோட இன்னொரு நிலையம் பாரதிக்கும் நடுவுல சுமார் 3,000 கிலோமீட்டர். செல்லுல வீடியோ பாத்துக்கினே தாளிக்கிற ஆளு நீ. தீயணைக்கிற கிளாஸ்ல மட்டும் தயவு பண்ணி முழிச்சுக்கினு இரு, மத்த கிளாஸைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

அப்பால உன் மூட்டை. கறிவேப்பிலைக் கன்னு, கொத்தமல்லி விதை, தொட்டி மண்ணுன்னு உங்கம்மா கட்டிக்கிட்டு இருக்குறா. ஒண்ணும் நடக்காது. 1991-ல மாட்ரிட்ல நாடுங்கல்லாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அங்க இல்லாத செடியோ பிராணியோ சும்மா உள்ள வரக்கூடாதுன்னு சொல்லுது. பனிவண்டி இழுத்த நாய்ங்களையே 1994-க்குள்ள வெளியேத்திட்டாங்க. உயிரோட கோழி கூடவே கூடாது. உரிச்ச கோழியைக்கூட நோய் பாத்துதான் கட்டணும். தெர்மாக்கோல் உருண்டைக்கும் தடை! 2017-ல வைகை அணையில தெர்மாக்கோல் மிதக்கவுட்டாரே ஒரு மந்திரி, அவரை அந்தப் பக்கமே சேத்திருக்க மாட்டாங்க.

குப்பை விஷயமும் அப்படித்தான். பிளாஸ்டிக்கு, பேட்டரி, காலி டப்பான்னு எல்லாத்தையும் திரும்பக் கப்பல் ஏத்தணுமாம். பெருங்குடி குப்பை மேட்டைப் பாத்து வளந்தவனுக்கு இதைப் புரிய வெக்கவாவது ஒரு கிளாஸ் வேணுமில்ல?

நம்மாளுங்க 1981-ல மொதமொதல்ல கோவாவுல இருந்து கப்பல் ஏறினப்ப மொத்தம் 21 பேர்தான். கொளுத்துற கோடை நாட்டுல இருந்து போனவங்க, நல்லபடியாத் திரும்பி வந்தாங்க. அவங்களுக்கும் வூட்டுல ஒரு மாமன் சொல்லியிருப்பான்.

நீ போறது அங்கத்திக் கோடைக்கு. நடுக்கோடையில சூரியன் அடையவே அடையாது. "விடிஞ்சப்பறம் எழுந்திருக்கிறேன்"னு சொல்ற பேச்சே அங்க எடுபடாது, ராசா. பெரிய பெரிய விஞ்ஞானிங்க முறை வெச்சு உன் அடுப்பங்கரைக்கு எடுபுடி வேலைக்கு வருவாங்களாம். டாக்டர் பட்டம் வாங்கினவன் வெங்காயம் உரிப்பான். பெருசா நறுக்கிட்டான்னு உன் பொண்டாட்டிகிட்ட கத்துறாப்புல கத்தித் தொலைக்காதே.

எனக்கு ஒண்ணும் வாணாம்பா. ஒரு கூழாங்கல்லு கேக்கலாம்னு பாத்தேன், அனுமதியில்லாம கல்லு எடுத்தாலும் குத்தமாம். திரும்பி வர்ற வழியில கேப்டவுன் ஏர்போர்ட்டுல கடை இருக்குமில்ல? ரெண்டு லிட்டர் வரைக்கும் சுங்கத்துல கேள்வி கேக்க மாட்டாங்களாம், அதையும் உன் தங்கச்சிதான் தேடிச் சொன்னா. பாட்டிலு உடையாம துணியில சுத்திக் கொண்டா. உங்க அத்தை கேட்டா இருமல் மருந்துன்னு சொல்லு.