தரையில் ஓடும் விமானம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் இப்போது போர் விமானமும் ஓடுகிறது. பிறவியில் அது மகிந்திரா தார் ஜீப். பானெட்டில் சுறாப்பல், கதவில் படைப்பிரிவு எண், சாவியில் 'பறக்குமுன் கழற்றவும்' என்கிற சிவப்பு நாடா. ஓட்டுபவர் மூக்கில் பைலட் கண்ணாடி. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் சக்கரம் புதைந்தால் மட்டும், "அண்ணே, கொஞ்சம் தள்ளி விடுங்கண்ணே" என்று தரைக்கு இறங்கிவிடுவார்.

கடலூர் மாவட்டத்தின் அசல் ஓடுதளம் நெய்வேலியில் இருக்கிறது. 2017-இல், சிறு ஊர்களுக்கும் விமானம் விடுகிற உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே அதன் பெயர் வந்தது. ஊர்க்காரர்கள் என்னவோ இன்னமும் பேருந்தில்தான் சென்னைக்குப் போகிறார்கள். விமானம் வராத ஊரில் ஜீப்பாவது விமானமாகட்டுமே என்பது நியாயமான ஆசைதான்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு ரசனை கிடையாது. அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆகவே கேப்டன், ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இறக்கை வேண்டாம்.