நிஜாம் வீட்டு உபரி

பணம் இல்லாதவன் படும் பாட்டைக் கதையாகவும் சினிமாவாகவும் எடுத்துத் தள்ளிவிட்டோம். தேவைக்கு மேல் பணம் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பாவம் இல்லையா? அந்தக் குறையைத் தீர்க்க நேராக ஹைதராபாத் போவோம்.

ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான், 1869-ல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது இரண்டு சொச்சம். நாமெல்லாம் அந்த வயதில் சட்டை போட அழுதிருப்போம். இவருக்குச் சட்டைகள்தான் வாழ்க்கை. ஒருமுறை உடுத்தியதை மறுமுறை தொடமாட்டார் என்பார்கள். புரானி ஹவேலி அரண்மனையில் அவருடைய பீரோவை இன்றும் பார்க்கலாம். கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்க நீள்கிறது அது. அதில் இரண்டு மாடி. மேல்மாடித் துணியை எடுக்க, கையால் இயக்கும் மர லிப்ட் வேறு! இத்தனைக்கும் அவர் ஒரே நேரத்தில் ஒரு சட்டைதான் போட்டுக்கொண்டார்.

1891-ல் மாட்சிமை தங்கிய மன்னருக்கு ஒரு வைரத்தின் மேல் ஆசை வந்தது. விற்க வந்தவர் அலெக்சாண்டர் மால்கம் ஜேக்கப், சிம்லாவில் கடை வைத்திருந்த நகை வியாபாரி. மந்திர தந்திரம் தெரிந்தவர் என்று ஊரே நம்பியது. கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் வரும் லர்கன் சாகிபுக்கு இவர்தான் மாடல். இப்படிப்பட்ட ஆளிடம் 23 லட்சம் ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்தார் நிஜாம். "கஜானா இருக்கிற நிலைமையில் இதெல்லாம் தேவையா?" என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் முகம் சுளிக்க, நிஜாமுக்கும் வைரம் வேண்டாமென்று ஆகிவிட்டது. ஆனால் அட்வான்ஸ்? அதைத் திருப்பித் தரும் பழக்கம் வியாபாரிகளுக்கு அன்றும் கிடையாது.

கல்கத்தாவில் வழக்கு நடந்தது. உலகமே பயபக்தியோடு பார்த்த நிஜாம், கமிஷன் முன்னால் உட்கார்ந்து வக்கீலின் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஜேக்கப் விடுதலையானார். கடைசியில் வைரம் நிஜாம் தலையிலேயே விழுந்தது. சரி, ஜெயித்த ஜேக்கப்பாவது நன்றாக இருந்தாரா? இல்லை. தொழில் படுத்து, ஏழையாகத்தான் பம்பாயில் செத்தார். வைரத்துக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

மஹபூபுக்கு அந்தக் கல்லைப் பார்த்தாலே கசப்பு. 1911-ல் அவர் காலமான பிறகு, மகன் உஸ்மான் அலி கான் அதை எங்கே கண்டெடுத்தார் தெரியுமா? அப்பாவின் பழைய செருப்பின் நுனியில். 184.75 காரட்! இப்போதைய கோஹினூரைவிடப் பெரிசு. மகன் அதைத் துடைத்துக் கிரீடத்தில் பதித்தாரா? மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொண்டார்.

இந்த உஸ்மான் அலி கான்தான் 1937 பிப்ரவரியில் 'டைம்' பத்திரிகை அட்டையில் உலகின் மிகப் பெரிய பணக்காரராக வந்தவர். பீரோவுக்குள் லிப்ட் வைத்த அப்பாவின் பிள்ளை, ஒரே தொப்பியை வருடக்கணக்கில் போட்டார், சாதா சார்மினார் சிகரெட் பிடித்தார், விருந்தாளிகள் போட்ட துண்டு சிகரெட்டைக்கூட விடமாட்டார் என்றெல்லாம் கதைகள் உண்டு. கட்டுக்கட்டான நோட்டுகளை எலி தின்றது, தங்கம் ஏற்றிய லாரிகள் தோட்டத்துச் சேற்றில் புதைந்து கிடந்தன என்றும் சொல்வார்கள். இதில் பாதி, அரண்மனை வாசலில் டீ குடித்தவர்கள் கிளப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இதே கஞ்சர்தான் 1947-ல் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்கு, கார்ட்டியே கடையில் வேண்டிய நகையை நீயே எடுத்துக்கொள் அம்மா என்று சொன்னவர். அந்தப் பெண்ணும் கூச்சப்படாமல் வைர நெக்லஸாகப் பார்த்து எடுத்துக்கொண்டது.

கதை பெருப்பதற்கு 1965 நல்ல உதாரணம். பாகிஸ்தான் போர் நேரத்தில் லால் பகதூர் சாஸ்திரி கேட்டதும் நிஜாம் ஐந்தாயிரம் கிலோ தங்கத்தைத் தானம் கொடுத்தார், "பெட்டியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்" என்றார் என வாட்ஸ்அப்பில் வாராவாரம் வருகிறது. நடந்தது என்ன? 425 கிலோவைத் தேசியப் பாதுகாப்புத் தங்கத் திட்டத்தில் முதலீடு செய்தார். வட்டி ஆறரை சதவீதம்! தானம் இல்லை சார், டெபாசிட்.

லண்டன் டெபாசிட்தான் சரியாக வாய்க்கவில்லை. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்தைப் பிடித்த இரண்டாம் நாள், நிஜாமின் நிதியமைச்சர் மொயின் நவாஸ் ஜங், லண்டன் வங்கியில் கிடந்த பத்து லட்சம் பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட தொகையைப் பாகிஸ்தான் ஹைகமிஷனரின் கணக்குக்கு மாற்றிவிட்டார். கணக்கில் ஒன்பது ஷில்லிங் சில்லறை உட்பட! ஒரே வாரத்தில் நிஜாம், "நான் சொல்லவே இல்லை, திருப்பிக் கொடுங்கள்" என்றார். "இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்கள்" என்று பூட்டைப் போட்டது வங்கி. இந்தியாவும் பாகிஸ்தானும் எந்தக் காலத்தில் சேர்ந்து வந்து எதைக் கேட்டிருக்கின்றன? 2019 அக்டோபரில்தான் லண்டன் நீதிமன்றம், பணம் நிஜாமின் பேரன்களுக்கும் இந்தியாவுக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அது சுமார் மூன்றரைக் கோடி பவுண்டாகக் குட்டி போட்டிருந்தது. நிஜாம் போய்ச் சேர்ந்து ஐம்பது வருஷத்துக்கும் மேல்.

1967-ல் அவர் மறைந்ததும் எல்லாம் பேரன் முகர்ரம் ஜா தலையில் வந்து விழுந்தது. சொத்து மட்டும் என்றால் சமாளித்திருப்பார். கூடவே 14,718 வேலைக்காரர்கள். சரவிளக்குகளுக்குத் தூசி தட்டவே 38 பேர். கராஜில் 60 கார்கள், அதில் ஓடுவது நாலே நாலு. பதினாலாயிரம் பேருக்கு முதல் தேதியில் சம்பளம் போடச் சொன்னால் நாமும் ஓடித்தான் போவோம். அவர் ஓடினார், ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே பாலைவனத்து ஓரமாக ஒரு பெரிய ஆட்டுப் பண்ணையை வாங்கி புல்டோசர் ஓட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். வேலைக்காரர்கள் தொல்லை விட்டது, ஆனால் கடன்காரர்கள் தொல்லை பிடித்தது. பிறகு துருக்கிக்குப் போய் ஒரு சின்ன அபார்ட்மென்டில் குடியிருந்தார். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமானார்.

நகைகளின் கதை இன்னும் தமாஷ். விற்கலாம் என்று குடும்பம் கிளம்ப, வெளிநாட்டுக்குப் போகக் கூடாது என்று அரசு மறிக்க, இருபது வருஷத்துக்கும் மேல் கோர்ட்டும் பேரமுமாக இழுத்தது. 1995-ல் 173 நகைகளையும் 218 கோடி ரூபாய்க்கு இந்திய அரசே வாங்கியது. வாங்கி என்ன செய்தது? ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியது. 2001, 2007, 2019 என்று எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். அடுத்த கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். வரிசையில் நின்று உள்ளே போனதும் முதலில் ஜேக்கப் வைரத்தைப் பாருங்கள். நாம் அனைவரும் வரி கட்டி வாங்கிய பேப்பர் வெயிட் அது.