தள்ளிப்போன ஆட்டமும் நின்றுபோன ஆட்டமும்

டொராண்டோ

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே குளிர் மைனஸ் பதினைந்து. மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய பருவம். இந்தப் பருவத்தில் இந்த ஊர் ஜனங்களுக்கு வேலை இரண்டுதான்: வாசலில் பனி அள்ளுவது, உள்ளே வந்து ஹாக்கி பேசுவது. கோவில்பட்டிப் பையன்கள் ஆடும் ஹாக்கி இல்லை இது. காலணிக்கு அடியில் கத்தி கட்டிக்கொண்டு பனிக்கட்டித் தரையில் பறந்து, ரப்பர் வட்டு ஒன்றைத் துரத்தி, நடுநடுவே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொள்ளும் ஆட்டம். நம்மூர் டீக்கடைக்கு இங்கே ஈடு டிம் ஹார்ட்டன்ஸ். அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்தவரே டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆடிய ஹாக்கிக்காரர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அணி ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாகத் தூக்கியது 1967இல். கொரோனாவில் ஆட்டங்கள் தள்ளிப்போனபோது நாடே புலம்பியது. டொராண்டோக்காரர்களுக்கு மட்டும், கூடவே தோல்வியும் தள்ளிப்போகிறதே என்று ஓர் ஆறுதல்.

தொற்று ஓய்ந்தாலும் தர்க்கம் ஓயவில்லை. "எல்லாரும் ஊசி போட்ட பிறகும் ஆட்டம் தள்ளிப்போனதே, அப்புறம் ஊசி எதுக்கு?" என்பது இங்குள்ள ரசிகர்களின் நிரந்தரக் கேள்வி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலும் இதே கேள்வி சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். கேள்விக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2021-22 சீசனில் தேசிய ஹாக்கி லீகின் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் ஊசி போட்டவர்கள். அப்படியிருந்தும் அந்த டிசம்பரில் ஒமிக்ரான் புகுந்து, கிறிஸ்துமஸுக்கு முன்பே சுமார் ஐம்பது ஆட்டங்களைத் தள்ளிவைக்க வைத்தது. 22ஆம் தேதியிலிருந்து லீகையே கொஞ்ச நாள் மூடினார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கும் ஆட்டக்காரர்களை அனுப்பவில்லை. இதையெல்லாம் ஊசியின் தோல்வி என்கிறார்கள். நான் இதையே ஊசியின் வெற்றிக்குச் சாட்சியாக வைக்கிறேன். ஊசி வந்தது ஆட்டத்தின் தேதியைக் காப்பாற்ற இல்லை, ஆடுகிறவனைக் காப்பாற்ற. ஆடுகிறவன் பிழைத்துக் கிடந்தால்தான் ஆட்டத்தைத் தள்ளிவைக்கவே முடியும்.

ஊசி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பது அந்த ஸ்டான்லி கோப்பையிலேயே இருக்கிறது. 1919இல் சியாட்டில் அணிக்கும் மாண்ட்ரியல் அணிக்கும் இறுதித் தொடர். ஆளுக்கு இரண்டு வெற்றி, ஓர் ஆட்டம் சமன். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆட்டம் ஏப்ரல் 1ஆம் தேதி. அன்று மாண்ட்ரியல் ஆட்டக்காரர்கள் பலரும் ஸ்பானிஷ் ஃப்ளூவில் படுத்துவிட்டார்கள், ஆட்டம் நடக்கவில்லை. அவர்களில் ஜோ ஹால் என்பவர் நாலாம் நாள் நிமோனியாவில் இறந்துபோனார். அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸ் எது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. கோப்பையில் அந்த வருஷத்துக்கு இரண்டு அணிகளின் பெயரும், கீழே தொடர் முடிக்கப்படவில்லை என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நூறு வருஷம் தாண்டி 2020 மார்ச் 12ஆம் தேதி லீக் மறுபடி நின்றபோதும் கையில் ஊசி இல்லை. வழக்கமான சீசனில் 189 ஆட்டங்கள் பாக்கி. அவை கடைசிவரை நடக்கவே இல்லை. இனி 2021-22க்கு வாருங்கள். ஒலிம்பிக்குக்கு என்று ஒதுக்கியிருந்த பிப்ரவரி நாட்களில் தள்ளிப்போன ஆட்டங்களை வரிசையாக வைத்தார்கள். 32 அணிகள், அணிக்கு 82 ஆட்டம், மொத்தம் 1,312 ஆட்டங்களும் ஒன்று பாக்கியில்லாமல் முடிந்தன. தள்ளிப்போவதற்கும் நின்றுபோவதற்கும் உள்ள தூரம் இதுதான் மாமா.

"ஒமிக்ரான் லேசான நோய், ஊசி இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள்" என்பது முதல் எதிர்வாதம். இதில் பாதி உண்மை. டெல்டாவைவிட அது வீரியம் குறைந்ததுதான். மீதிப் பாதியை ஹாங்காங்கில் பார்க்கலாம். 2022 தொடக்கத்தில் அதே ஒமிக்ரான், ஊசி போடாத முதியவர்கள் நிறைந்திருந்த அந்த ஊருக்குள் நுழைந்தபோது, உலகிலேயே மிக மோசமான சாவு விகிதங்களில் ஒன்று அங்கே பதிவானது. டெல்டாவின் வீரியமோ நம் ஹாக்கிக்கே தெரியும். 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அந்த அணியில் ஆடிய எம்.கே. கௌசிக், ரவீந்தர் பால் சிங் இருவரையும் 2021 மே 8ஆம் தேதி ஒரே நாளில் கொரோனா கொண்டுபோனது. அந்த மே மாதம் ஊசிக்கு நாடே வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். மூன்று மாதம் கழித்து, ஊசி போட்டுக்கொண்டு டோக்கியோ போன அணி ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது. அந்த ஒலிம்பிக்கும் ஒரு வருஷம் தள்ளிப்போன ஒலிம்பிக்தான்.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "2020 கோடையில் டொராண்டோவிலும் எட்மண்டனிலும் ஆட்டக்காரர்களை ஹோட்டலுக்குள் அடைத்து, வெளியாள் யாரையும் விடாமல் கோப்பைப் போட்டியை நடத்தினார்களே? 33,174 பரிசோதனை, ஒருவருக்கும் தொற்றில்லை. ஊசி எங்கே இருந்தது?" உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவை வேடசந்தூர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு யார் கொடுப்பார்கள்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரை எந்த ஹோட்டலில் இரண்டு மாதம் வைப்பது? நம்ம பக்கத்து கிரிக்கெட்டையே பாருங்கள். டி.என்.பி.எல். 2020இல் நடக்கவே இல்லை. 2021இல் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால். திண்டுக்கல் டிராகன்ஸ் அந்த வருஷம் திண்டுக்கல் மண்ணையே மிதிக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஊசி போய்ச் சேர்ந்த பிறகு, 2022இல்தான் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துக்கு ஆட்டம் திரும்பியது. ஹோட்டல் காவல் பணம் உள்ளவனுக்கு, ஊசிதான் ஊருக்கு.

மூன்றாவதாக டைலர் பெர்டுஸி பெயரை இழுப்பார்கள். டெட்ராய்ட் அணிக்காரர், கடைசிவரை ஊசியை மறுத்தவர், அந்த 2021-22 சீசனில் 30 கோல் அடித்தவர். "போடாதவன்தான் ஜெயித்தான்" என்று மேசையைத் தட்டுவார்கள். எல்லை விதியால் அவர் கனடாவுக்குள் ஆட வர முடியவில்லை, வராத ஆட்டங்களுக்குச் சம்பளமும் போனது என்பதை மட்டும் காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள். ஊசி இளைஞர்களின் இதயத்தைக் கெடுக்கும் என்ற பயமும் உண்டு. அரிதாக அழற்சி வருவது மெய்தான், மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் எட்மண்டன் அணியில் அலெக்ஸ் ஸ்டேலாக், ஜாஷ் ஆர்ச்சிபால்ட் என்ற இரண்டு பேர் இதயப் பாதிப்பால் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தது கொரோனா தொற்றுக்குப் பிறகு. ஆர்ச்சிபால்ட் அப்போது ஊசியே போடாதவர். ஒருவர் அடித்த 30 கோல் பேசப்படுகிறது. இன்னொருவர் வெளியே உட்கார்ந்திருந்த மாதங்களைப் பேச ஆளில்லை.

எதிராளி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009இல் பன்றிக்காய்ச்சல் ஊசிக்கு ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க, கால்கரி ஃப்ளேம்ஸ் ஆட்டக்காரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தனியாக ஊசி போட்டது அம்பலமாகிப் பெரிய ரகளை ஆனது. 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு முறைப்படி புனேயில் தயாரான கோவிஷீல்டுக்கு நம்மூர்ச் சான்றிதழ் செல்லாது என்று இங்கிலாந்து முரண்டு பிடித்தது. ஊசி போட்டவரும் பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டி, ஹாக்கி இந்தியா பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியிலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. பிறகு சமாதானமாகி, போய் வெள்ளி வென்றது வேறு கதை. கனடாவில் 2021 டிசம்பரில் சில ஆட்டங்கள் தள்ளிப்போனதற்கு வைரஸைவிட, அரங்கில் கூட்டம் சேர்க்க முடியாமல் டிக்கெட் வசூல் படுத்ததுதான் காரணம். இவற்றில் கோபப்பட எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒன்றில் சலுகை, ஒன்றில் முத்திரை, ஒன்றில் கல்லாப்பெட்டிதான் கோளாறு. மருந்தின் மேல் பழி போட இவற்றில் எதிலும் இடமில்லை.

நம்மூரில் இந்தச் சான்றிதழ் விவகாரத்தை நகைச்சுவையோடு கடந்தோம் என்றே சொல்வேன். 2022 பொங்கல் ஜல்லிக்கட்டுக்கு வீரர்கள் 300 பேருக்கு மேல் கூடாது, பார்வையாளர் 150 பேர், இரண்டு தவணை ஊசிச் சான்று, 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனை என்று அரசு விதி போட்டது. ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் 16ஆம் தேதியிலிருந்து 17க்குப் போனது. காளைக்கு எந்த வருஷமும் டாக்டர் சான்று உண்டு. அந்த வருஷம்தான் மாடுபிடி வீரரும் காளைக்குச் சமமாகக் காகிதத்தோடு நின்றார். ஒரு நாள் தள்ளிப்போனதால் வாடிவாசல் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

இங்கே ஹாக்கி கோல்கீப்பர்கள் 1959வரை பெரும்பாலும் முகமூடி இல்லாமல்தான் நின்றார்கள். அந்த நவம்பரில் ஜாக் பிளாண்ட் முகம் கிழிந்து தையல் போட்டுக்கொண்டு, முகமூடி இல்லாமல் திரும்பி ஆட மாட்டேன் என்றபோது அவருடைய பயிற்சியாளருக்கே அது பிடிக்கவில்லை. அந்த முகமூடி ஒரு கோலையும் தடுக்கவில்லை, முகத்தைத் தடுத்துக் காத்தது. ஊசியும் அவ்வளவே. இன்றைக்கு முகமூடி இல்லாமல் நிற்கச் சொன்னால் எந்த ரசிகரும் சிரிப்பார். ஊசிக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை. தட்டம்மையை ஒழித்த நாடு என்று பெயர் வாங்கியிருந்த கனடா, ஊசி போடாதவர்கள் பெருகியதால் 2025 நவம்பரில் அந்தப் பெயரை இழந்தது.

அதனால்தான் மாமா இவ்வளவு நீட்டி எழுதினேன். பேரனுக்கு ஒன்பது மாதம் நிறைகிறதாமே. புதன்கிழமை நர்சம்மா வரும்போது தட்டம்மை ஊசியைப் போட்டுவிடச் சொல்லுங்கள். மழை, கல்யாணம், ஜல்லிக்கட்டு என்று எதைச் சொல்லியும் அந்தத் தேதியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்