பச்சைக்கு மூணு மூட்டை

ஆர்.கே.பேட்டையை ஒட்டி ஒரு வேர்க்கடலைக் கொல்லை. மருமகன் விசைத்தறி முதலாளி. அப்பாவின் நிலம் கைக்கு வந்து ஒரு பட்டம்கூட முடியவில்லை. அத்தைக்கு அந்த நிலம்தான் ஆயுசு முழுக்க உத்தியோகம்.

மருமகன்: அத்தே, இலை வெளுத்துப் போச்சு. மூணு மூட்டை யூரியா இறக்கிட்டேன். 45 கிலோ 266 ரூபா 50 காசு. இந்த வெலைக்கு நூலுக்குச் சாயம்கூட ஏத்த முடியாது.

அத்தை: ஒரு செடியப் புடுங்கு. வேர்ல இன்னா இருக்குது?

மருமகன்: ஐயோ, கட்டி கட்டியா! மருந்து அடிக்கணும்.

அத்தை: நகத்தால கிள்ளு.

மருமகன்: உள்ள செவப்பா இருக்குதே!

அத்தை: வேலை நடக்குதுன்னு அர்த்தம். காத்துல நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், செடிக்கு நேரா எடுக்கத் தெரியாது. முடிச்சுல இருக்கிற பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கிக் குடுக்குது. செடி சர்க்கரையால கூலி குடுக்குது.

மருமகன்: அதுவும் ஓடட்டும், யூரியாவும் ஓடட்டும். ரெண்டு ஷிப்டு!

அத்தை: மண்ணுல நைட்ரேட் சும்மா கெடைச்சா, செடி கூலிய நிறுத்திடும். முதலாளி புத்தி அதுக்கும் உண்டு.

மருமகன்: யூரியாவ அப்படியே குடிச்சிடாதா?

அத்தை: கொஞ்சந்தான். மண்ணுல இருக்கிற நொதி அதை அம்மோனியமாக்கும், வேற பாக்டீரியா நைட்ரேட்டாக்கும். வேர் இழுத்ததும் செடி அதை மறுபடி அம்மோனியமாக்கி, அமினோ அமிலம் பண்ணி, அப்புறந்தான் உன் பச்சை. வேர் எடுக்காதது மழையோட கிணத்துக்குப் போவும். நிறையப் போட்டா இலைதான் தழையும், காய் கொறையும். இலையச் செக்குல ஆட்டுவியா?

மருமகன்: இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

அத்தை: வேளாண்மை ஆபீஸ் கூட்டத்துக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. நான் காதையும் எடுத்துட்டுப் போனேன். ஏக்கருக்கு அரை மூட்டை, அதுவும் விதைக்கும்போதே அடியுரமா. அவ்ளோதான்.

மருமகன்: அப்ப ஏன் வெளுத்துச்சு?

அத்தை: இலவச கரண்டுன்னு ராப்பகலா மோட்டார் விட்டியே. சகதியில வேர் எப்படி மூச்சு விடும்?

மருமகன்: மூணு மூட்டைய இன்னா பண்றது?

அத்தை: பக்கத்து நெல்லுக்காரருக்கு வித்துடு.

மருமகன்: அவர்கிட்டதான் அத்தே வாங்கினேன்! அவர் வூட்ல இன்னும் ஆறு கெடக்குது.