இறங்கினதும் எங்கே போறீங்க?

ரஜூலா என்ற பெயரைச் சொன்னால் போதும், நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியால் ஓட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைச் சுமந்தது. அதன் ஜோடிக் கப்பலான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரஜூலா தப்பியது. 1973இல் கைமாறிப் பிறகு உடைக்கப்படும் வரை மூன்று தலைமுறைத் தமிழர்களை ஏற்றி இறக்கியது.

அதில் பயணம் செய்த இருவரை ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வேறு கப்பல்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும். ஒருவர் மாடுகளைப் போல் அடைத்துக் கொண்டுபோனார்கள் என்பார். இன்னொருவர், அந்த மாதிரி சந்தோஷம் அப்புறம் வாழ்க்கையில் கிடைக்கவே இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மை என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் இரண்டையும் நானே ஒரே பயணத்தில் பார்த்தேன்.

நாங்கள் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்தது 1970இல். முந்தைய ஆண்டு மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கெடுபிடி வந்தது. இருபது முப்பது வருஷம் அங்கேயே உழைத்தவர்கள், குடியுரிமைக்கு எழுதிப்போட யாரும் சொல்லித் தராதவர்கள், கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். கடைத்தெருவில் மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. அப்பா பிறந்தது திருமருகல் பக்கம். அம்மா பிறந்தது கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மா ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டுமல்ல, கப்பல் தளத்தில் எங்களோடு இருந்த பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் நடுவில் பிளந்திருந்தன.

நாங்கள் டெக் பயணிகள். அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டி ஒன்றைத் தலைமாட்டில் வைத்தால் அது சுவர். கோடாலித் தைலமும் எலுமிச்சை ஊறுகாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், தலை சுற்றினால் முகர ஒன்று, நாக்கில் வைக்க ஒன்று. என்ஜின் சூடும் எண்ணெய் நாற்றமும் வாந்தி நாற்றமும் கலந்து கீழ்த்தளத்தில் நிற்கும். காற்று வேண்டுமென்றால் மேலே வரவேண்டும். மேலே வந்தால் வெயில்.

அம்மா கடலையே பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நின்று வாங்கி வந்த சோற்றையும் பருப்பையும் எங்களிடம் தள்ளிவிட்டு, “இதை எப்படித்தான் திங்கிறாங்களோ” என்பாள். பக்கத்துப் பாயில் சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருத்தி இருந்தாள். விடிவதற்கு முன்பு பால் மரம் வெட்டப் போய், வந்து சமைத்து, பேரப்பிள்ளைகளுக்கும் வடித்துக் கொட்டியவள். அதே சோறு, அதே பருப்பு. அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “யாரோ ஆக்கிப்போட்டு நான் ஒக்காந்து திங்கிறது என் ஆயுசுல இதான் மொத தடவ தாயி” என்றாள். அம்மா பதில் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து பாட்டியின் தட்டையும் அவளே வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்பா தூங்கினார். பகலில் அவர் கண்ணை மூடிப் படுத்து நான் பார்த்ததே இல்லை. கடை திறப்பதும் அவர்தான், பேரேட்டை மூடிவிட்டுக் கடைசியில் வருவதும் அவர்தான். கப்பலில் மதியம் முழுக்க வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். வேலை போன கவலை அவருக்கு இருந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு வாரம் யாரும் அவரைக் கூப்பிட முடியாது. அதுவரை அவருக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அதுதான்.

எங்களுக்கு எதிர்ப்பக்கம் நாகூர்க்காரர் ஒருவர் இருந்தார். மாமா என்று கூப்பிடுவோம். நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்காகப் போகிறவர், முடிந்ததும் அடுத்த கப்பலில் திரும்பிவிடுவார். அவருக்குக் கப்பல் ஒரு பழகிய தெரு. எந்த மூலையில் காற்று வரும், எந்தக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரும், எந்தச் சமையல்காரரிடம் கேட்டால் கொஞ்சம் மீன் கூடுதலாக விழும், எல்லாம் தெரியும். யார் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் பெயரைக் கூடக் கேட்க மாட்டார். “எறங்குனதும் எங்க போறீங்க?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அந்த ஆளிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்வார். கல்யாணத்துக்குப் போகிறவரிடம் கேலி பேசுவார். அம்மாவிடம் மட்டும் அவர் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. திருமருகலில் நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதையும், பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருப்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் கேட்க வேண்டியது அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலே கேபின் பயணிகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கட்டில், மேசை, பரிமாற ஆள். அந்த வித்தியாசம் கப்பலோடு முடியாது. அப்பா சின்ன வயதில் முதன்முறை மலாயா போனபோது, டெக் பயணிகளைப் பினாங்குக்கு எதிரே இருக்கும் ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய் இல்லை என்று தெரியும்வரை தடுத்து வைத்தார்களாம். கேபின்காரர்கள் நேரே நகரத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே கப்பல், ஒரே காற்று. கிருமிக்குக் கூட டிக்கெட் பார்க்கத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் என்று அப்பா கடைசிவரை கோபமாகச் சொல்வார். அந்தக் கோபம் நியாயமானது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் வந்து ஆளை இறக்கிக்கொண்டு போகும். கப்பலின் பக்கவாட்டு ஏணியின் கடைசிப் படியில் ஒரு கப்பல்காரர் நின்றார். படகு அலையில் மேலே ஏறும், படிக்கு நேராக ஒரு நொடி நிற்கும், மறுபடி ஆளுயரத்துக்குக் கீழே போய்விடும். அந்த ஒரு நொடிக்குள் காலை வைக்க வேண்டும். என்னை இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கி, படகு மேலே வந்த நேரம் பார்த்து கீழே நின்றவர் கையில் கொடுத்தார். மீன் வாடை அடிக்கும் கைகள். அடுத்து அம்மா. அவள் படியில் நின்றபடி மூன்று அலைகளைப் போகவிட்டாள். நாலாவது அலையில் யாரும் சொல்லாமலே இறங்கினாள். அந்தப் பயணத்தில் அவள் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. பிரான்சில் கட்டிய பயணிக் கப்பலை வாங்கிப் பெயர் மாற்றி விட்டிருந்தார்கள். 1985இல் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இடையே கப்பலில் போய்வந்த காலம் முடிந்தது.

நான் மறுபடி கப்பல் ஏறியது அறுபது வயதுக்குப் பிறகு. மகள் ஏற்பாடு செய்த சொகுசுப் பயணம். சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, கொழும்பு, கொச்சி என்று போய் துபாயில் இறக்கிவிடும் நீண்ட பயணம். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் வந்து நின்றது. அங்கிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம், போனேன். மாலையில் மறுபடி கப்பல் நகர்ந்து, சுமத்ராவின் வடமுனையைத் தாண்டி, நாங்கள் அன்று கடந்த அதே வங்கக் கடலின் தெற்குப் பகுதிக்குள் நுழைந்தது. இந்த முறை எனக்குப் பால்கனி இருந்தது.

கொழும்பு வரும்வரை கரையே தெரியாத நாட்கள். ‘சீ டே’ என்கிறார்கள். கப்பல் வாழ்க்கை பற்றிய அபிப்பிராயமெல்லாம் அந்த நாட்களில்தான் வெளிவரும். எங்கள் சாப்பாட்டு மேசையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், சொர்க்கம் என்றார். படுக்கை விரிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், நாளைக்கு என்ன சமைப்பது என்ற நினைப்பே இல்லை. பக்கத்தில் அவருடைய கணவர், பொழுதே போகவில்லை என்றார். காலையிலும் மாலையிலும் நடைத்தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெர்த்திலிருந்து வந்த விதவை ஒருவர் வருஷத்தில் பாதி நாள் கப்பலில்தான் இருக்கிறாராம். எந்தக் கப்பலில் காபி நன்றாக இருக்கும் என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சன்னல் இல்லாத உள்ளறை எடுத்தவர்கள் அது காசுக்கு ஏற்ற புத்திசாலித்தனம் என்றார்கள். பால்கனிக்காரர்கள், கடலைப் பார்க்காமல் கப்பலில் வருவதற்கு ஊரிலேயே இருந்துவிடலாமே என்றார்கள். நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிகளில் விடியற்காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது பற்றி உண்மையான சண்டையே நடந்தது.

இந்தக் குறைகளை நான் அற்பம் என்று தள்ளவில்லை. வருஷக்கணக்கில் சேமித்து வந்தவர்கள் அவர்கள். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் நாகூர் மாமாவின் கேள்வி அங்கே யாரிடமும் இல்லை. எல்லோரும் திரும்பப் போவது கிளம்பிய வீட்டுக்குத்தானே. “இது உங்களுக்கு எத்தனையாவது கப்பல் பயணம்?” என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

ஒரு நாள் நடைத்தளத்தில் நர்ஸின் கணவரோடு நடந்தபோது மாமாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, ரயில்வேயில் இருந்தபோது தினம் பத்துப் பேர் தன்னைத் தேடி வருவார்கள் என்றும், இறங்கி வீட்டுக்குப் போனால் தன்னைத் தேட யாரும் இல்லை என்றும் சொன்னார். இங்கே நேரம் போகவில்லை என்று அவர் சொன்னது கப்பலைப் பற்றி அல்ல. பெர்த் அம்மாவும் அப்படித்தான். கணவர் இறந்தபின், விளக்கைத் தானே போட்டு நுழையும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. கப்பலில் யாராவது காலை வணக்கம் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணிப் பாட்டி சோற்றைப் புகழ்ந்ததும், நர்ஸ் மெத்தை விரிப்பைப் புகழ்வதும் எனக்கு ஒரே குரலாகவே கேட்டது. இருவரும் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு உழைத்தவர்கள்.

பரிமாறுகிறவர்களில் ஒரு பையன் தூத்துக்குடிக்காரன். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இரண்டு அடுக்குக் கட்டில் போட்ட அறையில் இன்னொருவரோடு படுக்கை. எட்டு மாதம் போல ஒப்பந்தம். கப்பல் தொழிலாளர்களுக்கு ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த ஓய்வு நேரத்தில்தான் துணி துவைப்பதும், தூங்குவதும், மனைவியோடு பேசுவதும். பிறந்த குழந்தையை அவன் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான்.

“கப்பல் எப்படிப்பா இருக்கு உனக்கு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஊர்ல வீடு கட்டுறேன், லிண்டல் வரைக்கும் வந்திருக்கு. கான்கிரீட் போட்டாச்சுன்னா இன்னும் நல்லா இருக்கும்” என்றான்.

பால்கனி, உள்ளறை என்று இருநூறு பேர் சொன்ன அபிப்பிராயத்தையும்விட இந்தப் பதில் எனக்குத் தெளிவாக இருந்தது. இன்றைய கப்பலில் ரஜூலாவின் டெக் பயணிகள் மறைந்துவிடவில்லை, சீருடை போட்டுக்கொண்டு கீழே இருக்கிறார்கள். அன்று வேலை தேடிக் கப்பலில் போனார்கள். இன்று கப்பலிலேயே வேலை.

எந்தக் கப்பல் நல்லது என்று என் பேத்தி கேட்கிறாள். சந்தேகமே இல்லாமல் இன்றைய கப்பல்தான். புறப்படும்போதே எல்லோரையும் கூட்டி, ஆபத்து வந்தால் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். மருத்துவர் இருக்கிறார். பாட்டியைப் போன்றவர்களைத் தரையில் படுக்கவைத்த காலத்தைப் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். அன்று இருந்து இன்று குறைந்துபோனது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர் எதற்காகக் கடல் கடக்கிறார் என்று தெரிந்துகொண்டு அவரோடு பேசுகிற பழக்கம். அதற்குக் காசு தேவையில்லை, எந்தக் கப்பலிலும் செய்யலாம்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு மறுபடி பயணிக் கப்பல் விட்டார்கள். சில மணி நேரப் பயணம்தான். போரில் பிரிந்த உறவைப் பார்க்கப் போகிறவரும், சரக்கு வாங்கப் போகிறவரும், கோயில் பார்க்கப் போகிறவரும் அதில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்வார்கள். அதில் போகிறவர்கள், இருக்கை சௌகரியமா, ஏசி வேலை செய்கிறதா என்று பேசிக்கொள்ளட்டும், அதுவும் வேண்டியதுதான். அதற்கு முன்னால் நாகூர் மாமா கேட்டதைக் கேட்டுக்கொண்டால், பக்கத்து இருக்கைக்காரர் ஏன் சிரிக்கவில்லை என்பதோ, ஏன் வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறார் என்பதோ அவர்களுக்குப் புரிந்துவிடும்.